மர்ரே ஆற்றங்கரை வீரர்

கால்பந்து என்னும் சொல்லைக் கேட்டவுடன் உருண்டையான பந்தும், அதனைக் கையால் தொடக்கூடாது என்னும் விதியும் நம் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் வாழும் மக்களுக்கோ அச்சொல் வேறொரு விளையாட்டைக் குறிக்கும். அவ்விளையாட்டில் பந்து முட்டை வடிவில் இருக்கும்; ஆடுகளமும் நீள்வட்டமாக அமைந்திருக்கும். ஓர் அணிக்குப் பதினெட்டுப் பேர் களத்தில் நிற்பர். பந்தைக் காலால் உதைக்கலாம். கையில் ஏந்தி ஓடலாம். ஒரு கையில் வைத்து மறுகை முட்டியால் குத்தித் தோழருக்கு அனுப்பலாம். ஆனால் கையால் வீசி எறிதல் கூடாது. பந்துடன் நெடுந்தொலைவு ஓடுபவர் இடையிடையே அதனைத் தரையில் தட்டியெடுக்க வேண்டும். முட்டை வடிவப் பந்து எப்பக்கம் எழும்பும் என்று எளிதில் கணிக்க இயலாது. ஆகவே, ஓடும் வேகத்திலேயே அதனைத் தட்டித் திரும்பப் பிடிப்பதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும்.

களத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நடப்பட்டிருக்கும். நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் ஆறு புள்ளிகள். ஓரக் கம்பத்திற்கும் நடுக் கம்பத்திற்கும் இடையே சென்றால் ஒரே புள்ளி. 1858, 1859-ஆம் ஆண்டுகளில் மெல்போர்ன் நகரில் இவ்விளையாட்டு உருப்பெற்றது. கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் குளிர்காலத்தில் உடலைத் தளர விடாமல் காத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதனால்தான் இன்றும் பெரிய கிரிக்கெட் மைதானங்களிலேயே அது ஆடப்படுகிறது.

இவ்விளையாட்டில் தம் காலத்துச் சிறந்த வீரர்களுள் ஒருவராகப் பெயர் பெற்று, பின்னர் ஒரு மாநிலத்தின் ஆளுநராகவும் உயர்ந்தவர் டக்ளஸ் நிக்கோல்ஸ். அவர் ஆஸ்திரேலியத் தொல்குடியில் பிறந்தவர். தம் நாட்டிலேயே உரிமையற்றவர்களாக வைக்கப்பட்டிருந்த மக்களுள் ஒருவர் அவ்விடத்தை அடைந்த வரலாறு நீண்டது. அதில் விளையாட்டின் பங்கு ஒரு பகுதியே.

ஆற்றங்கரைக் குடியிருப்பு

ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய ஆறு மர்ரே. அது நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது. அதன் வடகரையில் கம்மராகுஞ்சா என்னும் தொல்குடியினர் குடியிருப்பு உள்ளது. யோர்ட்டா யோர்ட்டா மக்களின் தாய்நிலம் அது. அங்கு 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் டக்ளஸ் பிறந்தார். ஹெர்பர்ட், புளோரன்ஸ் இணையரின் ஐந்து மக்களுள் அவரே இளையவர்.

கம்மராகுஞ்சா 1888-இல் உருவானது. அங்குக் குடியேறிய குடும்பங்கள் காட்டைத் திருத்தி நிலமாக்கிக் கோதுமை பயிரிட்டன. சிறிது காலம் வேளாண்மை செழித்தது. ஆனால், நிலத்தின் மீது அம்மக்களுக்கு உரிமை இல்லை. தொல்குடியினரைப் பாதுகாப்பதற்கென அரசு அமைத்த வாரியம் அவர்களுடைய வாழ்வு முழுவதையும் தன் பிடியில் வைத்திருந்தது. குடியிருப்பை விட்டு வெளியே செல்வதற்கும், வெளியிலிருந்து உறவினர் வருவதற்கும் மேலாளரின் இசைவு வேண்டியிருந்தது. உழுது பண்படுத்திய நிலங்களும் காலப்போக்கில் அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டு வெள்ளையருக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. பாதுகாப்பு என்னும் பெயரே அவ்வாரியத்திற்குப் பொருந்தாது எனலாம்.

அவ்வாரியத்தின் அதிகாரங்களுள் கொடியது, பெற்றோரின் ஒப்புதல் இன்றியே பிள்ளைகளைப் பிரித்துச் செல்லும் அதிகாரமாகும். டக்ளசுக்கு எட்டு வயதாக இருந்தபோது காவலர்கள் வந்து அவருடைய தமக்கை ஹில்டாவை வலிந்து கொண்டு சென்றனர். அவளுக்கு அப்போது வயது பதினாறு. கூட்டமண்ட்ரா என்னும் ஊரில் தொல்குடிப் பெண்களுக்கென நடத்தப்பட்ட பயிற்சி இல்லத்தில் அவள் சேர்க்கப்பட்டாள். வெள்ளையர் இல்லங்களில் வீட்டு வேலை செய்வதற்கு அங்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. இவ்வாறு பிரிக்கப்பட்ட பிள்ளைகள் ஓரிருவர் அல்லர். பல தலைமுறைகளாக ஆயிரக்கணக்கானோர் பிரிக்கப்பட்டனர். அன்று கண் முன்னே நடந்ததை டக்ளஸ் இறுதிவரை மறக்கவில்லை.

இத்தகைய ஊரிலும் நல்லதொரு பள்ளி அமைந்தது வியப்பே. அதன் ஆசிரியர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். அவர் மொரீசியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, தொல்குடிப் பெண்ணை மணந்து, அம்மக்களுள் ஒருவராகவே வாழ்ந்தவர். பகலில் பிள்ளைகளுக்குக் கற்பித்ததோடு, பெரியவர்களுக்கும் எழுத்தறிவு ஊட்டினார். மனு எழுதுதல், கூட்டத்தில் எழுந்து பேசுதல், சட்டத்தைப் படித்தறிந்து வினவுதல் ஆகியவற்றை அவரிடம் கற்றவர் பலர். பிற்காலத்தில் தொல்குடியினர் உரிமை இயக்கத்தை நடத்தியவர்களுள் வில்லியம் கூப்பர், மார்கரெட் டக்கர் முதலிய பலர் அவருடைய மாணாக்கர்களே. ஓர் ஆசிரியர் ஒரே பள்ளியில் நீண்ட காலம் நிலைத்திருந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. டக்ளசும் அப்பள்ளியிலேயே பயின்றார். ஆயினும், தொல்குடிப் பிள்ளைகளுக்கு அரசு வகுத்திருந்த பாடத்திட்டம் தொடக்க வகுப்புகளுடன் முடிந்துவிட்டது. பதினான்கு வயதுக்கு மேல் படிக்க அவருக்கு வழியில்லை.

பள்ளியை விட்டதும் அவர் ஆட்டுப் பண்ணைகளில் வேலைக்குச் சேர்ந்தார். ரோமம் கத்தரிக்கும்போது ஆட்டின் தோலில் காயம் பட்டால், ஓடிச்சென்று அவ்விடத்தில் தார் பூசுவது சிறுவர்களின் வேலை. டக்ளஸ் செய்த முதல் தொழில் அதுவே. கொட்டகையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நாள் முழுவதும் ஓட வேண்டியிருந்தது.

மூடிய கதவு

கம்மராகுஞ்சாவில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. அவ்வூர் அணி வட்டாரப் போட்டிகளில் பலமுறை வென்ற வலிமை மிக்க அணி. வெள்ளையருடன் சமமாக நிற்கக் கிடைத்த இடம் அந்த ஆடுகளம் மட்டுமே. டக்ளஸ் அங்கு ஆடத் தொடங்கி, பின்னர் ஆற்றின் தென்புறத்தில் உள்ள டொங்காலா என்னும் ஊரின் அணியில் இடம் பெற்றார். அவருடைய உயரம் 157 சென்டிமீட்டர் மட்டுமே. உயர்ந்து தாவிப் பந்தைப் பிடிப்பது பெருமையாகக் கருதப்படும் விளையாட்டில் இவ்வுயரம் பெருங்குறை. அக்குறையை அவர் தம் கால்களால் ஈடு செய்தார். களத்தின் நடுப்பகுதியில் பக்கவாட்டு ஓரமாக நிற்கும் ஆட்டக்காரருக்கு இடைவிடாத ஓட்டமே முதல் தகுதி, அவ்விடமே அவருக்குரியதாயிற்று.

1927-இல் இருபது வயதில் அவர் மெல்போர்னுக்குச் சென்றார். அங்கு விக்டோரியக் கால்பந்துக் கழகங்களின் முதன்மைத் தொடரில் ஆடிய அணிகளுள் கார்ல்டன் ஒன்று. அவ்வணி அவரைத் தேர்வுப் பயிற்சிக்கு ஏற்றது. பயிற்சி ஆட்டங்களில் அவர் நன்றாகவே ஆடினார். ஆனால், உடைமாற்றும் அறையில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு வேறாக இருந்தது. அவருடைய நிறத்தைக் காரணம் காட்டிச் சில வீரர்கள் அவருடன் இருக்க மறுத்தனர். அவருடைய உடலிலிருந்து நாற்றம் வீசுவதாகவும் முறையிட்டனர். வீரர்களுக்குத் தசை பிடித்துவிடும் பணியாளரும் அவருடைய உடலைத் தொட மறுத்துவிட்டார். கார்ல்டன் அணி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. இரண்டாம் நிலைத் தொடரான விக்டோரியக் கால்பந்துச் சங்கத்தில் ஆடிவந்த நார்த்கோட் அணியை அணுகினார். அவ்வணி அவரை ஏற்றது. நார்த்கோட் நகராட்சியில் அவருக்கு வேலையும் கிடைத்தது. அக்காலத்தில் இவ்விளையாட்டை ஆடியவர்கள் ஆட்டத்திற்கு இவ்வளவு எனச் சிறு தொகை பெற்றார்கள். அது மட்டும் குடும்பம் நடத்தப் போதாது. வார நாள்களில் கூலி வேலை, சனிக்கிழமை ஆட்டம் என்பதே வழக்கம். டக்ளசின் வாழ்வும் அவ்வாறே நடந்தது. 1929-இல் நார்த்கோட் அணி சங்கத்தின் வாகையர் பட்டம் வென்றபோது, அவ்வெற்றிக்கு அவருடைய ஓட்டமும் ஒரு காரணம்.

கால்பந்துப் பருவம் முடிந்த பின்னும் அவருடைய கால்கள் ஓயவில்லை. விக்டோரியாவின் சிற்றூர்களில் பரிசுப் பணத்திற்காக ஓட்டப் பந்தயங்கள் நடத்தும் மரபு இருந்தது. வலுவான ஓட்டக்காரர் பின்னாலும், மெலிந்தவர் சில அடி முன்னாலும் நின்று தொடங்குவர். நையா, வாரக்னபீல் ஆகிய ஊர்களின் புகழ்பெற்ற பந்தயங்களில் அவர் வென்றார். அதன்பின் தங்குமிடமும் வழிச்செலவும் கொடுத்து அவரை அழைக்கப் பல ஊர்கள் முன்வந்தன. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலத்தில் ஊர் ஊராகச் சென்ற குத்துச்சண்டைக் குழு ஒன்றிலும் சில காலம் சண்டையிட்டார். கைக்கும் வாய்க்கும் எட்டாத அந்நாள்களில் உடல் வலிமை ஒன்றே அவரிடமிருந்த முதலீடு.

ஃபிட்ஸ்ராய் ஆண்டுகள்

ஐந்தாண்டுகளுக்கு முன் அவரைத் திருப்பி அனுப்பிய முதன்மைத் தொடரின் கதவு 1932-இல் திறந்தது. ஃபிட்ஸ்ராய் அணி அவரை அழைத்தது. முதல் நாளில் உடைமாற்றும் அறைக்குள் சென்ற டக்ளஸ் எவருடனும் கலவாமல் ஒரு மூலையில் ஒதுங்கி அமர்ந்தார். கார்ல்டனில் பட்டது மீண்டும் நேருமோ என்னும் அச்சம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். அவ்வணியில் ஹெய்டன் பண்டன் என்னும் வீரர் இருந்தார். தொடரின் மிகச் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்கு அளிக்கப்படும் பிரௌன்லோ பதக்கத்தை மும்முறை வென்றவர் அவர். நாடே கொண்டாடிய நாயகர். பண்டன் தம் இடத்தை விட்டு வந்து, டக்ளசின் அருகில் அமர்ந்து உடை மாற்றிக்கொண்டார். பின்னர் அவரை ஏனைய வீரர்களிடமும் அழைத்துச் சென்றார். அணியின் தலைசிறந்த வீரர் செய்ததைப் பிறர் மறுக்க இயலவில்லை. அன்று தொடங்கிய நட்பு நிலைத்தது.

ஃபிட்ஸ்ராய் அணிக்காக அவர் 1932 முதல் 1937 வரை 54 ஆட்டங்கள் ஆடினார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது பெரிதன்று. அதனினும் பன்மடங்கு ஆடியவர் பலர் உண்டு. ஆயின், எதிரணியின் ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும் அவருடைய நிறத்தைச் சொல்லி இழித்துரைத்த காலம் அது. அவருடைய வேகத்தைப் புகழ்ந்தெழுதிய செய்தித்தாள்களும் இனத்தைச் சுட்டும் பட்டப்பெயரையே அவருக்குச் சூட்டின. இன்று அப்பெயரை அச்சிட எவரும் துணியார். 1935-இல் மாநிலங்களுக்கு இடையிலான போட்டிக்கு விக்டோரிய அணியில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொல்குடியினர் ஒருவருக்கு அவ்விடம் கிடைத்தது அதுவே முதன்முறை. அவர் ஃபிட்ஸ்ராய்க்குச் சென்ற பிறகு, பழைய நார்த்கோட் அணி 1932, 1933, 1934 என மூன்றாண்டுகள் தொடர்ந்து வாகை சூடியது. பட்டங்களையே பெரிதாகக் கருதியிருந்தால் அவர் அங்கேயே தங்கியிருக்கலாம்.

1938-இல் அவர் நார்த்கோட்டிற்குத் திரும்பினார். முழங்காலில் ஏற்பட்ட காயம் அடுத்த ஆண்டே அவருடைய ஆட்டத்தை முடித்து வைத்தது. பின்னர் 1947-இல் அவ்வணிக்குப் பயிற்றுநராகவும் பணியாற்றினார்.

மாமனிதர் கூப்பரின் நிழலில்

ஃபிட்ஸ்ராயில் சேர்ந்த அதே 1932-ஆம் ஆண்டு, நார்த்கோட்டில் உள்ள கிறித்துவின் சபையில் அவர் திருமுழுக்குப் பெற்றார். சமய நம்பிக்கை அவருடைய பிற்காலப் பணிகள் அனைத்திற்கும் அடித்தளமாயிற்று. மற்றோர் அடித்தளத்தை இட்டவர் வில்லியம் கூப்பர். கம்மராகுஞ்சாவில் வாழ்ந்த அப்பெரியவர், முதுமையில் மெல்போர்ன் நகருக்குக் குடிபெயர்ந்து, ஆஸ்திரேலியத் தொல்குடியினர் கழகத்தை உருவாக்கினார். நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்குப் பேராளர் வேண்டும் எனக் கோரி இங்கிலாந்து மன்னருக்கு ஒரு மனு எழுதினார். ஊர் ஊராக அனுப்பி 1,814 கையொப்பங்களைத் திரட்டி, 1937-இல் அதனை ஆஸ்திரேலிய அரசிடம் ஒப்படைத்தார். அரசு அதனை மன்னருக்கு அனுப்பவேயில்லை.

ஆடுகளத்தில் புகழ்பெற்ற டக்ளசின் பெயர் இயக்கத்திற்குப் பயன்படும் என்பதைக் கூப்பர் அறிந்திருந்தார். சனிக்கிழமை அவருடைய ஆட்டத்தைக் காண வந்தவர்கள், அவர் பேசும் மேடையின் முன்னும் கூடினர். 1938-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள், ஆங்கிலேயர் குடியேறியதன் 150-ஆம் ஆண்டு விழாவை நாடு கொண்டாடியது. சிட்னியின் தெருக்களில் ஊர்வலங்கள் சென்றன. அதே நகரில், அதே நாளில், ஓர் அரங்கில் தொல்குடியினர் ஏறத்தாழ நூறு பேர் கூடி அதனைத் துக்க நாளாக அறிவித்தனர். முழுக் குடியுரிமை வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றினர். மெல்போர்னிலிருந்து கூப்பருடன் சென்றவர்களுள் டக்ளசும் ஒருவர்.

மறு ஆண்டு பிப்ரவரியில் கம்மராகுஞ்சாவிலேயே கிளர்ச்சி வெடித்தது. உணவுப் பங்கீட்டின் குறைவும் மேலாளரின் கொடுமையும் பொறுக்க இயலாமல், சுமார் இருநூறு பேர் தம் வீடுகளை விட்டு வெளியேறினர். ஆற்றைக் கடந்து விக்டோரிய மாநிலத்திற்குள் புகுந்து, பார்மா காட்டின் அருகே கூடாரமிட்டுத் தங்கினர். அவர்களுக்காக மெல்போர்னில் உதவி திரட்டியவர்களுள் டக்ளசும் இருந்தார். அவர்களுள் பலர் மீண்டும் அக்குடியிருப்புக்குத் திரும்பவேயில்லை.

ஃபிட்ஸ்ராய்ப் போதகர்

இரண்டாம் உலகப்போரின்போது டக்ளஸ் இராணுவத்திற்கு அழைக்கப்பட்டார். ஆனால், 1942-இல் அவரை விடுவிக்குமாறு ஃபிட்ஸ்ராய்க் காவல்துறையே கேட்டுக்கொண்டது. வேலை தேடி நகரத்திற்கு வந்த தொல்குடியினர் ஃபிட்ஸ்ராயின் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். வறுமையும் குடிப்பழக்கமும் சூதும் அங்கு மலிந்திருந்தன. அவர்களிடையே பணிபுரிய, அவர்கள் நம்பும் ஒருவர் வேண்டியிருந்தது. இவ்வாறு கால்பந்து வீரர் சமூகப் பணியாளர் ஆனார்.

அவ்வாண்டு அவருடைய தமையன் ஹோவர்டு கார் விபத்தில் உயிரிழந்தார். மூன்று பிள்ளைகளுடன் தனித்து நின்ற அண்ணியார் கிளாடிசை ஆண்டின் இறுதியில் டக்ளஸ் மணந்துகொண்டார். கிளாடிசும் கம்மராகுஞ்சாவில் பிறந்தவரே. அவருடைய தந்தையார் இந்தியாவிலிருந்து சென்று அங்கு வாழ்ந்தவர். கணவருடைய நிழலில் ஒதுங்கி நின்றவர் அல்லர் அவர். பழைய துணிகளைத் திரட்டி விற்று நிதி சேர்த்தல், நகரத்திற்கு வேலை தேடி வரும் இளம்பெண்களுக்குத் தங்கும் விடுதி நடத்துதல் எனப் பெரும்பணிகளை அவரே முன்னின்று செய்தார். இருவருடைய இல்லத்தில் படுக்க இடமின்றி வந்தோர்க்கு எப்போதும் இடம் இருந்தது.

ஃபிட்ஸ்ராயின் கோர் தெருவில் டக்ளஸ் ஒரு திருச்சபையை நடத்தினார். தொல்குடியினருக்கென்று அமைந்த சபை அது. வழிபாடு முடிந்ததும் அவ்விடமே வேலைவாய்ப்பு நிலையமாகவும், வழக்கில் சிக்கியவர்க்கு உதவும் இடமாகவும் மாறும். மக்கள் அவரைப் போதகர் டக் என்றே அழைத்தனர். பிற்காலத்தில் எத்தனையோ பட்டங்கள் வந்த பின்னும் அப்பெயர் மாறவில்லை.

1951-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் பொன்விழா நடைபெற்றது. மெல்போர்ன் நிகழ்ச்சிகளில் தொல்குடியினருக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. அதனை எதிர்த்து டக்ளஸ் குரல் எழுப்பினார். அதன் பயனாகத் தொல்குடிக் கலைஞர்களே நடித்த இசை நாடகம் ஒன்று நகரின் பெரிய அரங்கில் அரங்கேறியது.

பாலைவனப் பயணம்

டக்ளசின் வாழ்வில் திருப்பத்தை உண்டாக்கியது 1957-ஆம் ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் வார்பர்ட்டன் மலைத்தொடர் உள்ளது. அப்பாலை நிலத்தில் வாழ்ந்த தொல்குடியினர் நோயாலும் பட்டினியாலும் வாடுவதாக அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் வில்லியம் கிரேடன் முறையிட்டார். அரசு அதனை ஏற்கவில்லை. செய்தித்தாள்கள் சிலவும் மறுத்தெழுதின. உண்மையை அறியக் கிரேடனுடன் டக்ளசும் அங்குச் சென்றார். எலும்பும் தோலுமான குழந்தைகளையும், புண்ணால் நடக்க இயலாத முதியோரையும் நேரில் கண்டார். அக்காட்சிகள் படமாக்கப்பட்டன. அப்படம் விக்டோரியாவின் தேவாலயங்களிலும் பொது அரங்குகளிலும் திரையிடப்பட்டது. நகரத்து மக்கள் அதிர்ந்தனர். அதுவரை தொல்குடியினரின் துயரைக் கேள்விப்படாதவர்களும், கேள்விப்பட்டும் நம்பாதவர்களும் அன்று கண்ணால் கண்டனர்.

அவ்வெழுச்சியிலிருந்து விக்டோரியாவில் தொல்குடியினர் முன்னேற்றக் கழகம் பிறந்தது. டோரிஸ் பிளாக்பர்ன், கோர்டன் பிரையன்ட், ஸ்டான் டேவி ஆகிய வெள்ளையர்களும் டக்ளசுடன் இணைந்து அதனை நிறுவினர். டக்ளஸ் அதன் களப்பணி அலுவலர் ஆனார். குடியிருப்பு குடியிருப்பாகச் சென்று குறைகளைக் கேட்டறிவதும், அவற்றைக் கழகத்தின் இதழில் எழுதுவதும், அமைச்சர்களின் வாயிலில் காத்திருப்பதும் அவருடைய அன்றாடப் பணிகளாயின.

மாநில அரசு அமைத்த தொல்குடியினர் நல வாரியத்திலும் அவர் உறுப்பினராக இருந்தார். அப்போது கிழக்கு விக்டோரியாவில் உள்ள லேக் டயர்ஸ் குடியிருப்பை மூடிவிட்டு, அங்குள்ள குடும்பங்களை வெவ்வேறு ஊர்களில் சிதறக் குடியமர்த்த அரசு திட்டமிட்டது. பெரும்பான்மைச் சமுதாயத்தில் அவர்களைக் கரைத்துவிட வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. டக்ளஸ் அதனை ஏற்கவில்லை. 1963-இல் வாரியத்திலிருந்து விலகினார். மெல்போர்ன் தெருக்களில் தம் மக்களுடன் ஊர்வலமாகச் சென்றார். இரண்டாண்டுகளில் அரசு தன் திட்டத்தைக் கைவிட்டு, அந்நிலத்தை நிலையான ஒதுக்கிடமாக அறிவித்தது. 1971-இல் அந்நிலத்தின் உரிமை அங்கு வாழ்ந்தவர்களுக்கே வழங்கப்பட்டது. பல ஆண்டுகளாக மனுவுக்கு மேல் மனு எழுதிய மக்களுக்கு, எழுத்து வடிவில் கைக்கு வந்த அரிய வெற்றிகளுள் ஒன்று இது.

ஆஸ்திரேலிய அரசமைப்பில், மக்கள்தொகையைக் கணக்கிடும்போது தொல்குடியினரைச் சேர்க்கலாகாது என்று ஒரு பிரிவு இருந்தது. தொல்குடியினருக்கெனச் சட்டம் இயற்றும் அதிகாரமும் நடுவண் அரசுக்கு மறுக்கப்பட்டிருந்தது. இவற்றை நீக்குவதற்காக 1967 மே 27 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. அதற்கென நாடெங்கும் நடந்த பரப்புரையில் டக்ளஸ் ஓயாமல் உழைத்தார். வாக்களித்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாற்றத்தை ஆதரித்தனர். அந்நாட்டில் நடந்த வேறெந்தப் பொதுவாக்கெடுப்பும் அத்துணைப் பேராதரவைப் பெற்றதில்லை.

அதே காலத்தில் இளைய தலைமுறையினர் சிலர் அவருடன் மாறுபட்டனர். அவருடைய வழி மிகவும் மென்மையானது, வெள்ளையரின் நல்லெண்ணத்தை அளவுக்கு மீறி நம்புவது என்பது அவர்களுடைய குறைகூறல். தொல்குடியினரின் அமைப்புகளைத் தொல்குடியினரே நடத்த வேண்டும் என அவர்கள் வலியுறுத்தினர். அக்கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால், இளைஞர்கள் ஏறி நின்று பேசிய மேடையை அமைக்க அவர் செலவிட்ட முப்பது ஆண்டுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆளுநர் மாளிகை

1972-இல் இங்கிலாந்து அரசியார் அவருக்குச் சர் பட்டம் வழங்கினார். தொல்குடியினருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1976 டிசம்பர் 1 அன்று தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநராக அவர் பொறுப்பேற்றார். முதலமைச்சர் டான் டன்ஸ்டனின் பரிந்துரையின்படி அந்நியமனம் நிகழ்ந்தது. அங்கு ஒரு மாநிலத்தின் ஆளுநர் அரசியாரின் பேராளராவார். சட்டமன்றம் இயற்றும் சட்டங்களுக்கு அவரே ஒப்புதல் அளிப்பார். ஊரை விட்டு வெளியே செல்லவும் மேலாளரின் இசைவை எதிர்பார்த்திருந்த குடியிருப்பில் பிறந்தவர், மாநிலச் சட்டங்களில் கையொப்பமிடும் இடத்தில் அமர்ந்தார்.

அப்பதவி நீடிக்கவில்லை. பொறுப்பேற்று இரண்டு திங்கள் நிறைவதற்கு முன்பே, 1977 சனவரி 25 அன்று, அவரைப் பக்கவாதம் தாக்கியது. மார்ச்சுத் திங்களில் அரசியார் அடிலெய்டுக்கு வந்தபோது வரவேற்கும் அளவிற்கு அவர் தேறியிருந்தார். ஆயினும், பணியைத் தொடர உடல்நலம் இடந்தரவில்லை. ஏப்ரல் 30 அன்று பதவியிலிருந்து விலகினார். ஐந்து திங்கள் ஆளுநராக இருந்து அவரால் எதனையும் பெரிதாக மாற்ற இயன்றிருக்காது. அந்நியமனமே நாட்டில் பெரும்பேச்சாக இருந்தது.

1981-இல் கிளாடிஸ் அம்மையார் மறைந்தார். 1988-ஆம் ஆண்டு சூன் 4-ஆம் நாள் விக்டோரியாவின் மூருப்னா என்னும் ஊரில் டக்ளஸ் நிக்கோல்ஸ் தம் 81-ஆம் வயதில் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. அவருடைய உடலை ஆற்றைக் கடந்து கம்மராகுஞ்சாவுக்குக் கொண்டு சென்று, அங்குள்ள இடுகாட்டில் அடக்கம் செய்தனர்.

அவர் ஆடிய நார்த்கோட் அணி இன்று அச்சங்கத்தில் இல்லை. ஃபிட்ஸ்ராய் அணியும் 1996-இல் பிரிஸ்பேன் அணியுடன் இணைந்துவிட்டது. ஆனால், ஆண்டுதோறும் முதன்மைத் தொடரில் தொல்குடியினரைச் சிறப்பிக்கும் ஆட்டச் சுற்று ஒன்று நடைபெறுகிறது. 2016 முதல் அது சர் டக் நிக்கோல்ஸ் சுற்று என வழங்கப்படுகிறது. அச்சுற்றில் எல்லா அணிகளும் தொல்குடி ஓவியர்கள் வரைந்த சட்டைகளை அணிந்து ஆடுகின்றன. கார்ல்டன் அணியும் அவ்வாறே ஆடுகிறது. மெல்போர்னில் நாடாளுமன்றப் பூங்காவில் டக்ளசும் கிளாடிசும் இணைந்து நிற்கும் சிலை உள்ளது. 2018-இல் வடக்கு விக்டோரியாவில் ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு இருவரின் நினைவாக நிக்கோல்ஸ் எனப் பெயரிடப்பட்டது. கம்மராகுஞ்சாவிலிருந்து வெளியேறிய மக்கள் ஆற்றைக் கடந்து கூடாரமிட்ட கரை அத்தொகுதியின் எல்லைக்குள்தான் இருக்கிறது.